மைதானம் ஊருடையது, கிளப்புடையது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் உள்ள 'ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்' கோல்ஃப் கிளப்பைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை படிக்கச் சுவையாக இருந்தது. ஆனால் மூன்று இடங்களில் சறுக்கியிருக்கிறது. ஒரு புட்டி விஸ்கியில் 18 மடக்கு வரும், அதனால்தான் கோல்ஃபில் 18 குழி என்கிறது. அந்த ஊரின் ஓல்டு கோர்ஸ் மைதானம் இந்தக் கிளப்புக்குச் சொந்தம் என்கிறது. 2014 வரை அங்கே பெண்கள் ஆட முடியாது என்றும் சொல்கிறது.

விஸ்கிக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். 1754 மே 14 அன்று 22 பேர் ஒன்றுகூடி, வெள்ளியில் செய்த கோல்ஃப் மட்டை ஒன்றைப் பரிசாக வைத்துத் தொடங்கிய சங்கம்தான் பின்னாளில் இந்தக் கிளப் ஆனது. 'ராயல்' என்ற பட்டம் 1834-இல் நான்காம் வில்லியம் மன்னர் கொடுத்தது. தொடக்கத்தில் மைதானத்தில் இருந்தவை 12 குழிகள். இடமோ கடலோரத்தில் ஒடுங்கி நீண்டு, கடைசியில் கொக்கி போல் வளையும் மணல் நிலம். 11 குழி ஆடிக்கொண்டே கடைக்கோடிக்குப் போவார்கள். வந்த வழியே, பெரும்பாலும் அதே குழிகளில் ஆடிக்கொண்டு திரும்புவார்கள். 10 குழிகள் இரண்டு தடவை, 2 குழிகள் ஒரு தடவை, ஆக 22. முதல் நான்கு குழிகளுக்கு இடையே தூரம் போதவில்லை என்று 1764-இல் அவற்றை இரண்டாக்கினார்கள். போகையில் இரண்டு குறைந்தது, வருகையிலும் இரண்டு குறைந்தது. 22 போய் 18 ஆனது இப்படித்தான்.

மற்ற ஊர்களில் அப்போது இந்தக் கணக்கே கிடையாது. லீத்தில் 5 குழி, பிரெஸ்ட்விக்கில் 12. 1860-இல் முதல் ஓபன் போட்டி பிரெஸ்ட்விக்கில் நடந்தபோது எட்டுப் பேர் 12 குழியை மூன்று சுற்று ஆடினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸின் சொல் செல்லத் தொடங்கிய பிறகுதான் 18 எல்லா ஊருக்கும் பொதுவானது.

ஒரே குழிக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் எதிரெதிரே வந்தால் என்ன ஆகும்? கூட்டம் பெருகியதும் அந்தத் தொல்லை பொறுக்க முடியாததாகிவிட்டது. கிரீனை, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை, அகலப்படுத்தி, ஒவ்வொன்றிலும் இரண்டு குழி வெட்டினார்கள். இன்றும் அங்கே ஏழு இரட்டைக் கிரீன்கள் உண்டு: 2-உம் 16-உம் ஒன்றில், 3-உம் 15-உம் ஒன்றில், இப்படியே 8-உம் 10-உம் வரை. எதைக் கூட்டினாலும் 18 வரும். போகும் குழிக்கு வெள்ளைக் கொடி, திரும்பும் குழிக்குச் சிவப்பு. கொடியின் நிறத்தைக் கவனிக்காமல் அடித்தால் பந்து சரியான கிரீனில்தான் விழும், ஆனால் போகவேண்டிய குழி அறுபது எழுபது கஜம் தள்ளி இருக்கலாம்.

இந்தக் கிரீன்களைத் தேற்றியதில் பெரும்பங்கு டாம் மோரிஸ் என்பவருக்கு. 1860-களின் நடுவில் மைதானக் காப்பாளராக வந்த அவரது வைத்தியம் மணல்தான். புல்லின் மேல் மணலை மெல்லிசாகத் தூவித் தேய்த்துவிடுவார். அது வேர்ப்பக்கம் இறங்கி, சேர்ந்துபோன மக்கலைத் தளர்த்தும், பள்ளத்தை நிரப்பும், தண்ணீர் தேங்காமல் வடியவைக்கும். ஒரேயடியாகக் கனமாகக் கொட்டினால் புல் மூச்சு முட்டிக் கருகும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடுவதே முறை. இன்றைக்கும் உலகெங்கும் கிரீன் பராமரிப்பில் நடப்பது இதுதான்.

இனி சொந்தம் யாருக்கு என்பது. கடலோரத்துப் புல்வெளியில் கோல்ஃப் ஆட ஊர் மக்களுக்கு உள்ள உரிமையை 1552-லேயே பேராயர் ஹாமில்டன் எழுத்தில் உறுதிசெய்தார். பதிலுக்கு அங்கே முயல் வளர்க்கும் உரிமையைப் பெற்றார். கடனில் மூழ்கிய நகர மன்றம் 1797-இல் அந்த நிலத்தை விட்டுக்கொடுக்க, அது முயல் வியாபாரிகள் கைக்குப் போனது. முயல் புல்லை ஒட்ட மேய்வதில் ஆட்டக்காரருக்கு லாபமே. வளை தோண்டினால்தான் வம்பு, பந்து உள்ளே போய்விடும். கோல்ஃப்காரர்களுக்கும் வியாபாரிகளுக்கும் நடந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1821-இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் நிலத்தை வாங்கிய பிறகே முயல்கள் ஒழிந்தன. 1894-இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் நிலம் மறுபடி நகரத்துக்கு வந்தது. 1974 முதல், இதற்கெனச் சட்டப்படி அமைத்த அறக்கட்டளை ஒன்று நிர்வகிக்கிறது. முதல் டீயின் (முதல் பந்தை அடிக்கும் இடத்தின்) பின்னால் நிற்கும் 1854-ஆம் ஆண்டுக் கல் கட்டடம் மட்டுமே கிளப்புடையது. படங்களில் எப்போதும் அதுவே தெரிவதால் இந்தக் குழப்பம் வருகிறது போலும். முதல் குழிக்கும் 18-ஆம் குழிக்குமான ஃபேர்வேயை, அதாவது பந்தை அடித்துக்கொண்டு போகும் புல்வழியை, குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு பொதுச்சாலையே போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயோடும் பிள்ளைகளோடும் நடக்க வருவார்கள்.

பெண்கள் விஷயமும் இதனோடு சேர்ந்ததே. 2014 செப்டம்பரில் வாக்கெடுப்பு நடத்திப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது கிளப். தடை இருந்தது உறுப்பினர் ஆவதற்கு. மைதானம் பொது. அதனால்தான் 2007-லேயே பெண்கள் பிரிட்டிஷ் ஓபன் ஓல்டு கோர்ஸில் நடந்தது. மெக்சிகோவின் லொரேனா ஒச்சோவா கோப்பையை வென்றார். அடுத்த பதிப்பில் திருத்தம் வெளியிடுவதானால் 2007 என்ற ஆண்டையும் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உதகமண்டலம்