பறக்கும் தட்டைப் பற்றி நீ கேட்ட கேள்வி

திருவொற்றியூர்

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் சூட்டிய செய்தி அறிந்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். இங்கு அனைவரும் நலம். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு மகனுக்கு அலுவலகம் போய்வருவது எளிதாகிவிட்டது.

பறக்கும் தட்டு என்றதும் படித்தவர்கள்கூட ஒன்று அப்படியே நம்புகிறார்கள், இல்லையேல் சிரித்துத் தள்ளுகிறார்கள், நிதானமாக ஆராய ஏன் ஆளில்லை என்று கேட்டிருந்தாய். வானத்தில் என்ன தெரிந்தது என்பதைவிட, அதை விளக்க வேண்டியவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதே மக்களின் எண்ணத்தை உருவாக்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் பகுதியையே எடுத்துக்கொள். ஸ்ரீஹரிகோட்டாவில் விடிவதற்குச் சற்று முன் ராக்கெட் ஏவும் நாளில் மொட்டை மாடியில் நின்றால், வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் செம்மஞ்சள் வெளிச்சம் ஒன்று எழும்பிக் கடல் பக்கமாக வளைந்து போவதும், உயரே போனபின் அதன் புகையில் மட்டும் வெயில் பட்டு வெள்ளையாக விரிவதும் தெரியும். முன்பின் அறியாதவன் பார்த்தால் மிரண்டு போவான். ஆனால் இங்கே சின்னப் பிள்ளைகூட வேற்றுக்கிரகவாசி என்று சொல்வதில்லை, ஏனென்றால் நாளும் நேரமும் முன்பே செய்தித்தாளில் வந்துவிடுகிறது, மீனவர்களுக்கும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். 2022 டிசம்பர் 15 அன்று ஒடிசா கடற்கரையிலிருந்து அக்னி-5 ஏவுகணையைச் சோதித்தபோது, மேற்கு வங்கத்தில் பலர் அந்த ஒளியைப் படம் எடுத்து இது என்ன மர்மம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். விவரம் அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அமெரிக்காவில் நடந்தது இதைவிட ஆழமானது. 1947 ஜூலையில் ராஸ்வெல் அருகே கிடைத்த பொருளைப் பறக்கும் தட்டு என்று ராணுவமே அறிவித்து, உடனே வானிலை பலூன் என்று மாற்றிச் சொன்னது. சோவியத் அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்க அனுப்பிய மோகல் என்னும் ரகசியத் திட்டத்தின் பலூன் அது என்ற விளக்கத்தை அந்நாட்டு விமானப்படை 1994இல்தான் வெளியிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றை மறைத்தவர்கள் கடைசியில் உண்மையைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? 1953 ஜனவரியில் அந்நாட்டு உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. கூட்டிய ராபர்ட்சன் என்னும் விஞ்ஞானிகள் குழு, பறக்கும் தட்டைக் கண்டதாகப் புகார்கள் குவிந்தால் உண்மையான தாக்குதலின்போது தகவல் தொடர்பு திணறிவிடும் என்று அஞ்சி, பத்திரிகை, தொலைக்காட்சி வழியாக மக்களின் ஆர்வத்தைக் குறைக்கும்படி பரிந்துரைத்தது. அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது, மறுக்கவில்லை. ஆயினும் கண்டதைச் சொல்பவனைக் கேலி செய்யலாம் என்ற துணிச்சலை அது ஊருக்குக் கொடுத்துவிட்டது. இப்புகார்களை விசாரித்து வந்த விமானப்படையின் புளூ புக் திட்டம் 1969இல் மூடப்பட்டபோது 12,618 புகார்களில் 701 விளக்கப்படாமல் நின்றன. விளக்கம் கிடைக்காததாலேயே அவை வேற்றுக்கிரக ஊர்திகள் ஆகிவிடா. அப்படி ஒன்று வந்ததற்கு இதுவரை சான்று இல்லை என்பதே என் கருத்தும். ஆனால் அந்த 701ஐயும் கேலிக்கு அஞ்சாமல் எடுத்துப் படிக்க எத்தனை இயற்பியலாளர்கள் முன்வந்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் வருந்துகிறது.

புளூ புக்கின் ஆலோசகராக இருந்த வானியலாளர் ஆலன் ஹைனெக்கை இதனாலேயே நான் மதிக்கிறேன். 1966இல் மிச்சிகனில் மக்கள் கண்ட ஒளிகளில் சிலவற்றுக்குச் சதுப்புநில வாயு காரணமாகலாம் என்று சொல்லி ஊர் சிரிப்புக்கு ஆளானவர், பின்னர் முறையான ஆய்வு வேண்டும் என்று வாதாடி 1973இல் தனியே ஓர் ஆய்வு மையமே தொடங்கினார்.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. 1977இலேயே தன் விண்வெளி நிறுவனத்துக்குள் இதற்கென ஒரு பிரிவை அமைத்து, 2007இல் கோப்புகளை இணையத்தில் திறந்துவிட்டது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா இதை ஆராய 2022இல் டேவிட் ஸ்பெர்கெல் என்ற வானியற்பியலாளர் தலைமையில் அமைத்த குழு மறு ஆண்டு அறிக்கை தந்தபோது, நல்ல தரவு இல்லாததையும், சொன்னால் அவமானம் என்ற எண்ணத்தையும் பெருந்தடைகளாகக் குறித்தது. அந்தக் குழுவில் இருந்தவர்களையே இணையத்தில் வசைபாடினார்கள் என்பதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. விமானிகள் தயக்கமின்றித் தெரிவிக்க, ஏற்கெனவே உள்ள விமானப் பாதுகாப்புப் புகார் முறையையே பயன்படுத்தலாம் என்று அவர்கள் சொன்னது மிகவும் நடைமுறைக்கு உகந்தது.

நம் நாட்டிலும் 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்துக்கு மேல் ஏதோ தெரிந்ததாகச் சொல்லி விமானப் போக்குவரத்தையே சில மணி நேரம் நிறுத்தினார்கள். ரஃபேல் விமானங்களும் தேடச் சென்றன. இத்தகைய நிகழ்வின் முழு விவரமும் பொதுவில் வைக்கப்பட்டால் கல்லூரி மாணவர்கள்கூட அதை ஆராய்ந்து பழகுவார்கள்.

உன் மருமகன் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் தானே பணிபுரிகிறார்? இனம் தெரியாத பொருளைக் கண்டதாக விமானி சொன்னால் அதை எந்தப் பதிவேட்டில் எழுதுகிறார்கள், பிறகு அது யார் பார்வைக்குப் போகிறது என்று அவரிடம் கேட்டு விரிவாக எழுது.

அன்புடன்,
முருகேசன்