பழிப்புக் காட்டுமுன் சொந்த பெல்ட்டைப் பாருங்கள்

அமெரிக்க மல்யுத்தக் கம்பெனிகளான டபிள்யூ.டபிள்யூ.இ., ஏ.இ.டபிள்யூ. எழுத்துக் குழுவினருக்கு,

வணக்கம். எதிர்க் கம்பெனிக்காரர்களைப் போல வேஷம் கட்டி, அவர்களைப் பழிப்புக் காட்டி நீங்கள் டிவியில் போடும் ஸ்கிட்டுகளைப் பற்றி எழுதுகிறோம். அவற்றை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. வாய்ச்சவடால் இல்லாத மல்யுத்தம் உப்பில்லாத சோறு. ஆனால் இந்த வகை ஸ்கிட்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும் எங்களுக்கு ஒன்று உறுத்துகிறது. எதிராளியைக் காயப்படுத்திய ஸ்கிட்டுகள் குறைவு. போட்டவர்களின் சொந்த வீரர்களையும் சொந்த பெல்ட்டையும் (சாம்பியன் பட்டத்தையும்) காயப்படுத்தியவைதான் அதிகம்.

1996 ஜனவரியில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) தொடங்கிய 'பில்லியனர் டெட்' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்க் கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூ.வின் முதலாளி டெட் டர்னர் வேஷத்தில் ஒரு நடிகர், அங்கிருந்த வீரர்கள் ஹல்க் ஹோகனுக்கு 'ஹக்ஸ்டர்', ரேண்டி சாவேஜுக்கு 'நாச்சோ மேன்', பேட்டியாளர் ஜீன் ஓகர்லண்டுக்கு 'ஸ்கீம் ஜீன்'. டர்னரின் டபிள்யூ.சி.டபிள்யூ. கிழட்டு வீரர்களை விலைக்கு வாங்கி ஓட்டுகிறது என்பதுதான் ஒரே கருத்து. முதல் வாரம் எல்லோரும் சிரித்தார்கள். வாரக்கணக்கில் அதையே இழுத்தபோது அது கேலியாக இல்லை, வயிற்றெரிச்சலாகத் தெரிந்தது. முடிவு, மார்ச் 31 அன்று டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் பெரிய வருடாந்தர நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 12-க்கு முந்தைய நிகழ்ச்சியில் ஹக்ஸ்டரும் நாச்சோ மேனும் மோதி, இருவருமே மாரடைப்பில் சாய்ந்தார்கள்.

இப்போது அதே இரவின் மற்ற ஆட்டங்களைப் பாருங்கள். கோல்டஸ்டோடு மோதியவர் ராடி பைப்பர். அவருக்கும் ஹோகனுக்கும் வயது வித்தியாசம் ஒரு வருஷம்கூட இல்லை. ஹோகனின் வயதை நையாண்டி செய்த கம்பெனி, அதே வயதுக்காரரைத் தன் பெரிய ஆட்டத்தில் இறக்கியது. போதாததற்கு, ஹோகன் 'பழைய நல்லவன்' என்ற பிம்பத்தை ஜூலை 7 அன்று தானே உடைத்து வில்லனாகி, கெவின் நாஷ், ஸ்காட் ஹால் இருவரோடும் சேர்ந்து டபிள்யூ.சி.டபிள்யூ.வில் என்.டபிள்யூ.ஓ. என்ற வில்லன் அணியைத் தொடங்கினார். நாஷும் ஹாலும் அதற்குச் சில வாரங்கள் முன்புவரை டபிள்யூ.டபிள்யூ.எஃப். வீரர்கள். அந்தக் கோடையில் முந்திய நைட்ரோ (டபிள்யூ.சி.டபிள்யூ.வின் வாராந்தர டிவி நிகழ்ச்சி), 83 வாரம் தொடர்ந்து ரேட்டிங்கில் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் ராவுக்கு மேலே நின்றது. எதிராளி நாளையே மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றை வைத்து மூன்று மாதக் கேலி எழுதக் கூடாது. அவர் மாறிய நாளில் உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது.

நன்றாகச் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். டபிள்யூ.சி.டபிள்யூ. நட்சத்திரம் கோல்ட்பர்க்கின் என்ட்ரன்ஸ் எல்லோருக்கும் தெரியும். காவலர்கள் சூழ மேடைக்குப் பின்னாலிருந்து நடை, மேடையில் பொறி மழை, அதற்கு நடுவே நின்று மூச்சோடு புகையை ஊதுவது, அரங்கம் முழுக்கப் பெயரைச் சொல்லிக் கோஷம். டுவேன் கில் என்ற வீரரை 'கில்பர்க்' ஆக்கியபோது டபிள்யூ.டபிள்யூ.எஃப். இந்த ஒவ்வொன்றுக்கும் மலிவான ஜோடி தேடியது. பொறி மழைக்குப் பதில், இரண்டு பக்கமும் மேடைப் பணியாளர்கள் கையில் பிடித்த கம்பி மத்தாப்பு. கோஷத்துக்குப் பதில், எல்லோருக்கும் புரியும்படி ஒலித்த டேப். புகையை ஊத வேண்டிய இடத்தில் இருமல். கோல்ட்பர்க்கின் 'அடுத்து யார்?' என்ற வசனம் 'முதலில் யார்?' ஆனது. பழிப்பு முழுவதும் அந்தப் பிரமாண்டத்தின் மேல் இருந்தது, அந்த மனிதரின் உடம்பின் மேல் இல்லை. கோல்ட்பர்க் ரசிகர்கள்கூட ரசிக்க முடிந்ததற்கு அதுதான் காரணம். 2003-இல் கோல்ட்பர்க்கே டபிள்யூ.டபிள்யூ.இ.க்கு வந்தபோது ராக் என்ற நட்சத்திர வீரர் அவரைச் சீண்ட கில்பர்க்கை மேடையேற்றினார். ஏப்ரல் 27 அன்று பேக்லாஷ் நிகழ்ச்சியில் கோல்ட்பர்க் ராக்கை வென்றார். கேலிக்கு ஒரு கணக்கு இருந்தது, அது ரிங்கில் தீர்ந்தது.

ஆனால் அதே கில்பர்க்கிடம்தான் பெரிய தப்பும் நடந்தது. 1998 நவம்பரில் கில் லைட் ஹெவிவெயிட் பெல்ட்டை வென்றார். பிறகு அவர் கில்பர்க் ஆனார், பெல்ட்டும் வேஷத்தோடு ஒட்டிக்கொண்டது. 2000 பிப்ரவரிவரை, சுமார் 15 மாதம், அது அவரிடமே கிடந்தது. எடை குறைந்த வேகமான வீரர்கள் சண்டை போட்டு ஏற வேண்டிய ஏணி அது. அதன் மேல்படியில் ஒரு நகைச்சுவைப் பாத்திரம் உட்கார்ந்துவிட்டால், கீழே இருப்பவர் எதற்காக ஏற வேண்டும்?

டபிள்யூ.சி.டபிள்யூ. இதைவிட மோசமாகச் செய்தது. 1999 கடைசியில் எழுத்தாளர் எட் ஃபெராரா கருப்புக் கௌபாய் தொப்பியோடு 'ஓக்லஹோமா'வாக வந்தார். பழிக்கப்பட்டவர் டபிள்யூ.டபிள்யூ.எஃப். வர்ணனையாளர் ஜிம் ராஸ். அவருடைய பேச்சு நடையைக் கேலி செய்ததோடு விட்டிருந்தால் போகட்டும் என்றிருப்போம். பெல்ஸ் பால்ஸி என்னும் முகவாதத்தால் ராஸின் முகத் தசைகள் தளர்ந்திருந்தன. ஃபெராரா வாயை ஒரு பக்கம் இழுத்துக் கோணி அதையே செய்து காட்டினார். நோயை யாரும் விரும்பி வேஷமாகக் கட்டுவதில்லை. அதைக் கேலி செய்தால் பார்ப்பவர் மனம் உடனே பழிக்கப்பட்டவர் பக்கம் சாய்ந்துவிடும். 2000 ஜனவரி 16 அன்று அதே ஓக்லஹோமா, மதுசாவைத் தோற்கடித்து, எடை குறைந்த வீரர்களுக்கான க்ரூசர்வெயிட் பெல்ட்டைத் தூக்கினார். ரே மிஸ்டீரியோ, எடி கெரேரோ, டீன் மலெங்கோ உயிரைக் கொடுத்து மதிப்பேற்றிய பெல்ட். 220 பவுண்டு வரம்பைத் தாண்டிவிட்டார் என்று சொல்லி அதைத் திரும்பவும் வாங்க வேண்டியிருந்தது. அதே நாட்களில் கெரேரோவும் மலெங்கோவும் பென்வா, சாட்டர்னோடு டபிள்யூ.சி.டபிள்யூ.வை விட்டுப் போனார்கள், ஜனவரி 31 ராவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒரு பெல்ட்டுக்காக மட்டும் அவர்கள் போகவில்லை. ஆனால் உழைத்தவர் பிடித்த பெல்ட் யார் இடுப்பில் ஏறுகிறது என்பதை லாக்கர் ரூம் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொரு பழைய காயமும் இருக்கிறது. 1997 செப்டம்பர் 1 அன்று என்.டபிள்யூ.ஓ., ரிக் ஃபிளேர், ஆர்ன் ஆண்டர்சன் இருந்த ஃபோர் ஹார்ஸ்மென் அணியைப் பழித்தது. ஒரே கம்பெனிக்குள் நடந்ததுதான், பாடம் ஒன்றே. கழுத்துக் காயத்தால் ஆட்டத்தைவிட்டு ஆர்ன் ஆண்டர்சன் விடைபெற்று ஒரு வாரமே ஆகியிருந்தது. கழுத்துப் பட்டையும் பீர் பெட்டியுமாக நாஷ் அவரைப் போல நடித்தார். ஸ்கிட் நன்றாக எழுதப்பட்டது, நாஷ் நடித்ததும் பிரமாதம். சிரிப்பும் வந்தது. அவ்வளவு கூர்மையாகக் குத்தினால் திருப்பி அடிக்க இடம் வேண்டும். இரண்டு வாரத்தில், ஹார்ஸ்மென் கோட்டையான வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில், வார்கேம்ஸ் என்ற கூண்டு ஆட்டம். ஹார்ஸ்மென் அணியிலிருந்த கர்ட் ஹென்னிக் கட்சி மாறி, கூண்டுக் கதவை ரிக் ஃபிளேரின் தலையில் அறைந்து மூடினார். என்.டபிள்யூ.ஓ. ஜெயித்தது. அன்று அடி வாங்கியது ஹார்ஸ்மென் மட்டுமல்ல, டிக்கெட் வாங்கி வந்த உள்ளூர்க்காரர்களும்தான்.

எதிர்க் கம்பெனியைக் கேலி செய்யும்போது இந்தப் பிரச்சினை இரட்டிப்பாகிறது, ஏனென்றால் எதிராளி உங்கள் ரிங்குக்கு வந்து திருப்பி அடிக்கப் போவதில்லை. அப்படியானால் ஸ்கிட் குட்டையாக இருக்க வேண்டும், அடுத்த நிமிஷமே உங்கள் சொந்த ஆட்டத்துக்குள் போக வேண்டும். 2019 மே 25, லாஸ் வேகஸில் ஏ.இ.டபிள்யூ.வின் டபுள் ஆர் நத்திங் நிகழ்ச்சியில் கோடி ரோட்ஸ் செய்தது அதுதான். டபிள்யூ.டபிள்யூ.இ. வீரரும் நிர்வாகியுமான ட்ரிபிள் எச்சின் சிம்மாசனத்தை ஞாபகப்படுத்தும் ஒரு நாற்காலி, ஒரு சுத்தியல். யார் பெயரையும் சொல்லவில்லை. நாற்காலி நொறுங்கியது, அதோடு சரி. அதன் பின் அண்ணன் டஸ்டினோடு அவர் போட்ட ஆட்டத்தைத்தான் மக்கள் இன்றும் பேசுகிறார்கள். 2022-இல் கோடி அதே டபிள்யூ.டபிள்யூ.இ.க்குத் திரும்பினார், சில மாதங்களில் அங்கே கதைப் பொறுப்பு ட்ரிபிள் எச் கைக்கு வந்தது. உடைந்தது மரம்தான், மனிதர்கள் அல்ல. அதனால் யாருக்கும் திரும்பிப் போகும் வழி அடைபடவில்லை.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். கேலி, எதிராளி மேடையில் காட்டுவதைப் பற்றியதாக இருக்கட்டும். நோய், காயம், தோல் நிறம் வேண்டாம். 1998 ஜூலையில் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் டி.எக்ஸ். அணி முகத்தில் கருப்புச் சாயம் பூசிக்கொண்டு, பெரும்பாலும் கருப்பின வீரர்கள் இருந்த நேஷன் அணியைப் பழித்ததை இன்று யார் பெருமையாகக் காட்ட முடியும்? எதிர்ச் சேனலில் இப்போது என்ன ஓடுகிறது என்பதை வாய் தவறியும் சொல்லாதீர்கள். 1999 ஜனவரி 4 அன்று ராவில் மேன்கைண்ட் என்ற வீரர் பட்டம் வெல்லப் போவதை நைட்ரோவிலேயே ஏளனமாக அறிவித்தார்கள். ரசிகர்கள் ரிமோட்டை எடுத்தார்கள், அன்றைய ரேட்டிங் ரா 5.7, நைட்ரோ 5.0. வேஷக்காரர் கையில் பெல்ட்டைக் கொடுக்காதீர்கள், ஒரு வாரத்துக்குக்கூட.

அடுத்த ஸ்கிட்டின் முதல் பிரதியை எழுதி முடித்ததும், உங்கள் பட்டியலில் நடுவில் இருக்கும் வீரர் ஒருவரிடம் அதைப் படிக்கக் கொடுங்கள். ஸ்கிட் முடிந்ததும் அதே ரிங்கில் இறங்கி ஆட வேண்டியவர் அவர்தான்.

இப்படிக்கு,
வாரம் தவறாமல் பார்க்கும் ரசிகர்கள் சிலர்