லேப்டாப் கட்டுரைகளில் விட்டுப்போகும் விவரங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குறைந்த விலையில் மடிக்கணினி வாங்குவது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ப்ராசஸர், ரேம், திரை, எடை என்று எல்லாவற்றையும் அட்டவணை போட்டுக் காட்டியிருந்தார்கள். கேம் ஆட விரும்புகிறவர்களுக்கு மட்டும் "தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பை வாங்கவே கூடாது" என்று ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய இயங்குதளமான லினக்ஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வரியை நம்பி வாசகர்கள் கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தைத் தவறான பெட்டியில் போட்டுவிடுவார்களே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். பல ஆண்டுகளாக லினக்ஸ்தான் பயன்படுத்துகிறேன். வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், வகுப்பில் காட்டுவதற்கான சின்னச் சின்ன செயல்முறைப் படங்கள் எல்லாம் அதில்தான். வேலை முடிந்ததும் மகளோடு சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற கார் பந்தய கேம் ஓட்டுவேன், இல்லையென்றால் ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை கேம். இவ்வளவுதான் என் தேவை. பழைய லேப்டாப்பின் மதர்போர்டு போனதும் மாற்று தேட வேண்டியதாயிற்று.

இப்போது என்னைப் போல் தேடுகிறவர்கள் நிறைய இருப்பார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும், ப்ராசஸர் இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். அதற்கு முந்தைய லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அதில் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் புதிது வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள். பலருக்கு வாங்கும் தேவையே இருக்காது.

சரி, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் கவனிக்க வேண்டியது ப்ராசஸரின் முழு எண். ஏஎம்டி நிறுவனத்தின் ப்ராசஸரை "ரைசன் 5, 7000 வரிசை" என்று மட்டும் எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம். ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்று சொல்கிறது. முதலாவதில் ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, நான்கு கோர், கிராபிக்ஸுக்கு வெறும் இரண்டு கணிப்பு அலகுகள். இரண்டாவதில் ஜென் 3, ஆறு கோர், கிராபிக்ஸ் அலகுகள் ஏழு. 7535யூ என்றால் ரேடியான் 660எம் என்ற இன்னும் புதிய கிராபிக்ஸ் வருகிறது. மூன்றுக்கும் வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஏறக்குறைய ஒன்றுதான். கேம் ஆடும்போது வேறுபாடு நன்றாகவே தெரியும். உங்கள் கட்டுரை மூன்றையும் 'ரைசன் 5' என்ற ஒரே கட்டத்தில் அடக்கியிருக்கிறது.

அடுத்தது ரேம். இதைத்தான் யாரும் எழுதுவதில்லை, எனக்கு ஆதங்கமும் இதில்தான். தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் கிடையாது, இருக்கும் ரேமைத்தான் ப்ராசஸரோடு பகிர்ந்துகொள்கிறது. அதனால் எத்தனை ஜிபி என்பதோடு, ஒரு சானலா இரண்டு சானலா என்பதும் முக்கியம். ஸ்லாட்டில் ஒரே ஒரு ரேம் மட்டும் செருகியிருந்தால் தரவு போய்வரும் பாதை பாதிதான். இன்டெல் 11, 12ஆம் தலைமுறை ஐ5 லேப்டாப்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒற்றை ரேம் இருக்கும்போது விண்டோஸ் அதன் கிராபிக்ஸை வெறும் 'யுஎச்டி' என்று காட்டும். இரண்டாவது ரேம் போட்டதும் அதே சில்லு 'ஐரிஸ் எக்ஸ்இ' ஆகிவிடும்.

நான் வாங்கியது ஓர் அலுவலகத்திலிருந்து கழித்துவிடப்பட்ட எச்பி எலைட்புக் 845 ஜி8. ரைசன் 5 ப்ரோ 5650யூ, 8 ஜிபி ரேம். அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி. அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி வாங்கி, சாய்வாகச் செருகி, இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று பிடிக்கும்வரை அழுத்தினேன். அவ்வளவுதான் வேலை. அதற்கு முன் வளைவுகளில் தடுக்கித் தடுக்கி ஓடிய சூப்பர்டக்ஸ்கார்ட், திரையை இரண்டாகப் பிரித்து இருவரும் ஓட்டும்போதுகூட வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ரேமை போர்டிலேயே சாலிடர் செய்துவிட்ட லேப்டாப்பில் இதைச் செய்ய வழியே இல்லை. 7520யூ வரும் லேப்டாப்கள் எல்லாம் அப்படித்தான். 8 ஜிபியோடு வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.

இப்போது அந்தத் தனி கார்டு விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டீம் என்ற இணைய கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியில் தனி கார்டு கிடையாது. ஏஎம்டி ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ்தான், அதுவும் எட்டே எட்டு அலகுகள். ஓடுவது லினக்ஸ். அதில் ஆயிரக்கணக்கான விண்டோஸ் கேம்களை ஆடுகிறார்கள் என்றால், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைக்கும், 2018இல் வந்த ப்ரோட்டான் என்ற இடைமென்பொருள்தான் காரணம். அதே ப்ரோட்டான் நம் லேப்டாப்பிலும் ஸ்டீமோடு சேர்ந்தே வருகிறது.

ஏஎம்டி, இன்டெல் கிராபிக்ஸை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்கள் திறந்த மூலத்தில் இருப்பதால் லினக்ஸோடு சேர்ந்தே வந்துவிடும், நாம் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். தனி கார்டுகளில் அதிகம் வரும் என்விடியாவுக்குப் பெரும்பாலும் தனி டிரைவர் போட வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பழைய கேமிங் லேப்டாப்களில் ஜிடிஎக்ஸ் 1050 போன்ற, பாஸ்கல் என்ற பழைய தலைமுறை என்விடியா கார்டுகள்தான் பெரும்பாலும் இருக்கும். 580 வரிசைக்குப் பிறகு வரும் டிரைவர்களில் அவற்றுக்கு என்விடியா ஆதரவு தருவதில்லை. கூடவே சூடு, விசிறிச் சத்தம், சீக்கிரம் இறங்கும் பேட்டரி. பிளெண்டரில் முப்பரிமாண வேலை, இயந்திரக் கற்றல் என்று படிக்கிற பிள்ளைகளுக்கு என்விடியா வேண்டும்தான், அதை மறுக்கவில்லை. சின்னக் கேம்களுக்காக அதை வாங்கச் சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் லினக்ஸில் ஓடாது. அவற்றின் மோசடித் தடுப்பு மென்பொருள் விடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் 2024இல் லினக்ஸுக்குக் கதவை மூடிவிட்டது. வீட்டுப் பிள்ளைகள் ஆடுவது இவைதான் என்றால் எந்த லேப்டாப் வாங்கினாலும் லினக்ஸில் இதற்குத் தீர்வு இல்லை. முதலில் அவர்களைக் கேட்டுவிடுங்கள்.

திங்க்பேட் டி வரிசை, டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக் போன்ற அலுவலக லேப்டாப்களை இரண்டு மூன்று ஆண்டு கழித்து வாங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. நேற்று சந்தைக்கு வந்த லேப்டாப்பின் வைஃபைக்கோ ஒலிக்கோ தேவையான டிரைவர் உங்கள் லினக்ஸில் இன்னும் வந்திருக்காது. சற்றுப் பழையது என்றால் அந்தச் சிக்கலெல்லாம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். வைஃபை கார்டு இன்டெல் என்றால் எனக்கு நிம்மதி. பிராட்காம் என்றால் தனி டிரைவர் தேடி அலைய நேரலாம்.

பழையது வாங்கப் போகும்போது லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைக் கொண்டுபோங்கள். எதையும் நிறுவாமலே அதிலிருந்து கணினியைத் தொடங்கலாம். வைஃபை பட்டியல் வருகிறதா, ஒலியும் கேமராவும் வேலை செய்கின்றனவா, வெளிச்சம் கூட்டும் விசை கேட்கிறதா என்று பாருங்கள். மூடியை மூடிக் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் விழித்துக்கொள்ள வேண்டும். இதில்தான் பல லேப்டாப்கள் மாட்டிக்கொள்ளும். உபுண்டுவில் கிடைக்கும் 'பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்ற செயலி பேட்டரியின் மூலக் கொள்ளளவையும் இப்போதைய கொள்ளளவையும் காட்டிவிடும். கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய்ப் பாருங்கள், கடவுச்சொல் கேட்டால் அதை விற்பவரே நீக்கித் தர வேண்டும். இன்டெல் லேப்டாப்பில் எஸ்எஸ்டி கண்ணில் படவில்லை என்றால் பயந்துவிட வேண்டாம், பெரும்பாலும் பயாஸில் சேமிப்பக அமைப்பு 'ரெய்டு' என்று இருக்கும். 'ஏஎச்சிஐ' என்று மாற்றினால் தெரியும். கைரேகை உணரி மட்டும் வேலை செய்யாமல் போகலாம், அதற்காக நல்ல லேப்டாப்பை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த முறை லேப்டாப் கட்டுரை வெளியிடும்போது ப்ராசஸரின் முழு எண்ணைப் போடுங்கள். ரேம் சாலிடர் செய்ததா, ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று எழுதுங்கள். வைஃபை கார்டு யாருடையது என்று சொல்லுங்கள். விமர்சனத்துக்கு வரும் ஒவ்வொரு லேப்டாப்பையும் ஒரு லினக்ஸ் பென் டிரைவில் தொடங்கிப் பார்த்து, என்னென்ன ஓடியது என்று இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்றும் கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
இயற்பியல் ஆசிரியை