கோட்டுக்கு ஒரு வேலை, வண்ணத்துக்கு ஒரு வேலை

அன்புள்ள தம்பிக்கு,

பேனாக் கோடும் நீர்வண்ணமும் சேர்த்து நீ வரைந்து அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கை நன்றாக ஓடுகிறது. ஆனால் பக்கத்து மரம், கூரை, தூரத்து மலை எல்லாவற்றையும் ஒரே கனத்தில் சுற்றிக் கோடு போட்டு, உள்ளே வண்ணம் நிரப்பியிருக்கிறாய். அதனால்தான் மலை பின்னால் போகாமல் மரத்தோடு ஒட்டி நிற்கிறது. வெளியில் அரை மணி நேரத்தில் முடிக்க வேண்டிய படத்துக்கு அவ்வளவு கோடு தாங்காது.

அடுத்த முறை உட்கார்ந்ததும் பேனாவைத் தொடாதே. தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் போடு. கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வெளிச்சம், இடைநிலை, இருட்டு என்று மூன்றாக மட்டும் பென்சிலில் பிரித்துக்கொள். நிழல் விழும் இடத்தையும் அப்போதே குறித்துவிடு. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. நீ முடிப்பதற்குள் நிழல் இடம் மாறிவிடும். குறித்ததையே தீட்டு, மாறியதைத் துரத்தாதே.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, லேசாகச் சொரசொரக்கும் கோல்டு பிரஸ் தாள், ஏ5 அளவு, 8ஆம் நம்பர் ரவுண்டு பிரஷ் ஒன்று. இது போதும். தாளை நிழலில் வைத்துக்கொள். நேர் வெயிலில் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைக்கும். அதற்கு ஈடுகட்ட வண்ணத்தை ஏற்றிக்கொண்டே போவாய், வீட்டுக்குள் வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். நிழலில் தீட்டும்போது, காய்ந்தால் வெளுக்கும் என்பதற்காக வேண்டியதைவிட ஒரு பிடி அடர்த்தியாகப் போடு. நிழல்களுக்குக் கருப்பு வேண்டாம். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த சாம்பல் போதும், நீலம் கூடினால் குளிரும், சியன்னா கூடினால் சூடேறும்.

உன் வானத்தில் காலிஃபிளவர் மாதிரி ஒரு விளிம்பு விழுந்திருக்கிறதே, அது தாளின் குறையல்ல. வாஷ், அதாவது தண்ணீர் கலந்து பரப்பிய வண்ணப் பூச்சு, பாதி காய்ந்த நிலையில் தண்ணீர் அதிகமுள்ள பிரஷ் அங்கே பட்டிருக்கிறது. புதுத் தண்ணீர் பரவும்போது அங்கிருந்த நிறத்துகளை வெளியே தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் விட்டுவிடும். தாளைச் சாய்த்துப் பார்: முழுதாகப் பளபளத்தால் தொடலாம். பளபளப்பு மங்கத் தொடங்கினால் கையை எடுத்துவிடு. திருத்தியே ஆக வேண்டும் என்று தோன்றும் நேரம் சரியாக அதுதான், பொறுத்துக்கொள். புறங்கையை வைத்துப் பார்த்துச் சில்லென்று இல்லாவிட்டால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

பேனா அதற்குப் பிறகுதான். ஈரம் மிச்சமிருந்தால் மசி கசிந்து பரவும். மலைக்கு 0.1 மி.மீ. முனையில் விட்டுவிட்டு இரண்டு மூன்று கோடு, அல்லது கோடே வேண்டாம். முன்னாலிருக்கும் மரத்தின் நிழல் பக்கத்துக்கு 0.5. வெயில் படும் பக்கத்தைத் திறந்தே விடு. அங்கே வண்ணத்தின் ஓரமே கோட்டின் வேலையைச் செய்துவிடும். உன்னால் மூட முடிகிற இடத்தையெல்லாம் மூடாமல் விடுவதுதான் இதில் கடினமான பகுதி. சொரசொரப்பான தாளில் ஃபைபர் முனை சீக்கிரம் பிசிறும், அழுத்தாமல் ஓட்டு. ஷெல்லாக் என்ற அரக்கு கலந்த இந்தியன் இங்கை ஃபவுண்டன் பேனாவில் மட்டும் ஊற்றிவிடாதே, உள்ளேயே இறுகி அடைத்துக்கொள்ளும். அது தொட்டு எழுதும் நிப்புக்கானது.

நீ வைத்திருக்கும் பேனா எந்த வகை என்று எழுதவில்லை. அதே தாளின் துண்டு ஒன்றில் தடித்த கோடாகக் கிறுக்கி, பத்து நிமிடம் விட்டு, ஈரப் பிரஷால் தேய்த்துப் பார். கலங்கினால் மேலே இனி வாஷ் போட முடியாது என்று வைத்துக்கொண்டு, அந்தப் பேனாவைக் கடைசிக் கோடுகளுக்கு மட்டும் எடு. கலங்காவிட்டால், கோட்டின் மேலேயே இரண்டாம் நிழலைப் போடலாம்.

அன்புடன்,
அண்ணன்