வயர் உரசும் சத்தமும் காதுக்கு ஏற்ற இயர்போனும்

கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அக்கரைப்பற்றில் மழை விடாமல் கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அப்படித்தான், வாவி நிரம்பிக் கிடக்கிறது. வீட்டில் எல்லோரும் சுகம். நீ கேட்ட இயர்போன் விஷயத்துக்கு வருகிறேன்.

வயர் சேட்டில் படும்போதெல்லாம் காதுக்குள் கரகர, டப் டப் என்று கேட்கிறது, விலை கூடின வயர் வாங்கி மாற்றட்டுமா என்று கேட்டாய். கொஞ்சம் பொறு. முதலில் பிளக்கைப் போனிலிருந்து கழற்று. இரண்டு பக்கத்தையும் காதில் போட்டுக்கொண்டு வயரை நகத்தால் சுரண்டிப் பார். அப்போதும் அதே சத்தம் கேட்டால் கரண்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிளக்கே கழன்று கிடக்கிறதே! அது வயர் வழியாக ஏறி வரும் வெறும் அதிர்வு.

நம்முடைய வாவியில் பாடும் மீனைக் கேட்கப் போகிறவர்கள் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதோடு வைப்பார்கள். காற்றில் கேட்காதது மரத்தின் வழியே கேட்கும். உன் வயரும் அந்தத் துடுப்பின் வேலையைத்தான் செய்கிறது. காதுத் துவாரத்தை ரப்பர் அடைத்திருப்பதால் உள்ளே வந்த அதிர்வுக்கு வெளியேற வழியில்லை, அதிலும் தாழ்ந்த சத்தங்கள் பெருத்துவிடும். நடக்கும்போது காலடி தொம் தொம் என்று கேட்பதும், மெல்லும்போது தாடை கேட்பதும் இந்த அடைப்பால்தான், அதற்கு வயர் பொறுப்பில்லை. ஷீல்ட் போட்டது, வெள்ளி பூசியது என்று விற்கும் வயர்களுக்குக் காசைக் கொட்டாதே. ஷீல்ட் தடுப்பது மின் இரைச்சலை, உரசலை அல்ல. துணி பின்னின வயர் பார்வைக்கு அழகு, ஆனால் உரசலில் அதுதான் மோசம். மெல்லிய, வழுவழுப்பான, சுருட்டினால் நினைத்தபடி வளைகிற வயர்தான் அமைதியானது.

இதற்கு நல்ல மருந்து, வயரைக் காதுக்கு மேலால் சுற்றிப் பின்பக்கமாக இறக்குவது. காது மடலும் அதன் பின்னாலுள்ள தோலும் அதிர்வைக் குடித்துவிடும், மிச்சம்தான் உள்ளே போகும். நேராகத் தொங்கும் இயர்போனையும் தலைகீழாகத் திருப்பி இப்படிப் போடலாம். காதுக்குள் போகும் குழாய் சரிவாக இருந்து உட்கார மறுத்தால் இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போடு. பாட்டின் இடம் வலம் மாறும், செய்தியும் பேச்சும் கேட்பதற்கு அது ஒரு குறையே இல்லை.

அடுத்தது, வயர் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு மேலே உள்ள சின்ன வளையத்தைத் தாடைக்குக் கீழே வரை ஏற்றிவிடு. வளையம் இல்லாவிட்டால் நூலால் ஒரு தளர்ந்த கட்டுப் போதும். பிறகு சேட்டின் முதல் பொத்தான் மட்டத்தில் ஒரு கிளிப். வழக்கமான வயர் 1.2 மீற்றர். கிளிப்புக்குக் கீழே உள்ள துண்டுதான் ஆடி ஆடிச் சேட்டில் உரசுகிறது, அந்த ஆட்டத்தைக் கிளிப் அங்கேயே நிறுத்தும். ஆனால் கிளிப்புக்கும் காதுக்கும் இடையில் நாலு விரல் அளவு தளர்வு விடு. பலர் இங்கேதான் பிழைவிடுகிறார்கள்: வயரை இழுத்து மாட்டினால் அது விறைத்து நின்று முன்னையைவிட அதிகமாகக் கடத்தும், தலையைத் திருப்பினால் அடைப்பும் கழன்றுவிடும். முடிந்தால் முதுகுப் பக்கமாகச் சேட்டுக்குள் விட்டு இறக்கு, அதற்கு மிஞ்சின வழி இல்லை.

ரப்பரின் அளவைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. பெட்டியில் மூன்று அளவு வரும், மாட்டியிருக்கும் நடுத்தரத்தோடே காலத்தை ஓட்டிவிடுவோம். ஒரு கையால் எதிர்ப்பக்கக் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, மற்றக் கையால் உள்ளே செலுத்து. தவில் சத்தம் தகரம்போல் மெலிந்து கேட்டால் காற்றுக் கசிகிறது, ஒரு அளவு பெரிதாக்கு. இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவது சாதாரணம். போம் ரப்பர், அதாவது பஞ்சுபோல் ஒடுங்கி விரிகிற வகை, நன்றாக அடைக்கும், உரசலையும் கொஞ்சம் அடக்கும். விரலால் உருட்டி ஒடுக்கி உள்ளே விட்டு, விரியும் வரை 20 வினாடி பிடித்துக்கொள். நம்முடைய வியர்வைக்கு அது சில மாதத்தில் நைந்துபோகும்.

பிளக் போட்டிருக்கும்போது மட்டும் வரும் சத்தம் வேறு வகை. லெப்டொப் சேர்ஜில் இருக்கும்போது ம்ம்ம் என்று இரைந்தால் சேர்ஜரைக் கழற்றிப் பார். நின்றால் எர்த் இல்லாத இரண்டு பின் சேர்ஜர்தான் காரணமாக இருக்கும், பற்றரியில் கேள். பிளக்கைத் திருகும்போது கரகரத்தால் உப்புக்காற்றில் பிடித்த களிம்பு. ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் பிளக்கைத் துடை, போனை நிறுத்திவிட்டு துவாரத்திலுள்ள பஞ்சை மரக் குச்சியால் மெதுவாக எடு.

இனிப் புதிது வாங்குவது. பெட்டியில் எத்தனை டிரைவர் (சத்தத்தை எழுப்பும் உறுப்பு) என்று போட்டிருப்பதையும் 40,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும் என்று பெருமையடிப்பதையும் பார்க்காதே, நன்றாகச் செய்த ஒரே டிரைவர் போதும். பார்க்க வேண்டியது வயர் கழருமா என்பதை. இயர்போன் சாவது பெரும்பாலும் பிளக்கடியில் வயர் அறுந்துதான். மூண்ட்ரொப் சூ 2, செவன்ஹேர்ட்ஸ் சல்நோட்ஸ் சீரோ இரண்டும் 20 டொலரைச் சுற்றி வருகிறவை, இரண்டிலும் 10 மில்லிமீற்றர் டிரைவர், 0.78 மில்லிமீற்றர் தடிப்பான இரண்டு பின்னால் மாட்டிக் கழற்றுகிற வயர். குரல் தெளிவுக்கு நான் இவற்றைத்தான் சொல்வேன். காசு இன்னும் சுருங்கினால் கேஇசெட் இடிஎக்ஸ் புரோ, ஆனால் அதில் வயர் மாட்டும் சொக்கெட் எழும்பி நிற்கும், அதை மூடிப் பொருந்தும் வயரையே பிறகு தேட வேண்டும். பழைய மூண்ட்ரொப் சூவில் வயர் கழராது, பெயரைக் கவனித்து ஓடர் பண்ணு. மைக் இல்லாத வகையும் அதே படத்தோடு விற்பார்கள்.

கடையில் வாங்கினால் பிளக் போடாமல் காதில் வைத்து வயரைச் சுரண்டிப் பார். பிறகு ஒருவர் மட்டும் பேசுகிற பதிவைப் போடு, குரல் தலைக்கு நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் வேண்டாம்.

கல்முனை வீதியில் பஸ் இரைச்சலை அமுக்க வொலியூமைக் கூட்டுகிறோம், காது கெடுவது அங்கேதான். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணித்தியாலம் என்று எல்லை வைத்திருக்கிறது. அடைப்புச் சரியாக இருந்தால் உதயதேவி ரயிலில் கொழும்பு வரைக்கும் பாதி வொலியூமே தாராளம். சைக்கிளில் போகும்போது மட்டும் தயவு செய்து போடாதே.

இந்த மழைக்காலத்தில் ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் பழுது என்று எறிந்துவிடாதே. குழாய் வாயிலுள்ள வலையில் காது அழுக்கோ ஈரமோ அடைத்திருக்கும். வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து உலர்ந்த பல் தூரிகையால் தட்டு, தண்ணீரோ ஸ்பிரிட்டோ உள்ளே விடாதே. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடின டப்பாவில் ஓரிரவு வைத்தால் பெரும்பாலும் சத்தம் திரும்பும்.

உன் போனின் மொடலை எழுதி அனுப்பு. டைப் சி துவாரம் மட்டும்தான் என்றால், இயர்போன் பிளக்கை அதில் மாட்ட உதவும் டொங்கிள் என்ற சின்ன இணைப்பும் வேண்டும். மலிந்த சிலவற்றில் உள்ளே டக் சிப் (போனின் டிஜிட்டல் தரவை இயர்போனுக்கான மின் சமிக்ஞையாக மாற்றுவது) இருக்காது, அநேகமான போன்களில் அவை வேலை செய்யாது. மொடல் தெரிந்தால் எதை எடுப்பது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்