சத்திரசிகிச்சைக்குப் பிந்திய வாழ்க்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்குறியில் வரும் புற்றுநோயைப் பற்றி நம்மவர் வீட்டிலும் பேசுவதில்லை, பத்திரிகைகளிலும் எழுதுவதில்லை. அம்பாறைக் கரையோரத்தில் வயல் செய்யும் நான், முன்தோலின் கீழிருந்த சிறு புண்ணுக்கு வெட்கத்தால் 8 மாதங்கள் களிம்பு பூசிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் உறுப்பை முழுவதும் இழந்தவன். நேரத்தோடு போயிருந்தால் ஒரு பகுதியையாவது காப்பாற்றியிருக்கலாம். அந்தத் தவறு என்னுடையதே.

ஆனால் விதைப்பைக்குப் பின்னால் புதிதாகச் சலத்துவாரம் அமைப்பார்கள், இனிக் குந்தியே சலம் கழிக்க வேண்டும் என்பதைக் குழாயைக் கழற்றிய அன்றுதான் அறிந்தேன். முதல் இரண்டு வாரமும் சாரம் நனையாத நாள் இல்லை. பஸ் தரிப்பிடங்களில் ஆண்களுக்கு இருப்பது பெரும்பாலும் திறந்த சுவர்தான். கதவுள்ள மலசலகூடமோ பூட்டியிருக்கும், இல்லையேல் உள்ளே கால் வைக்க முடியாது. இதனால் மட்டக்களப்புக்குக் கிளினிக் போகும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தேன். கல்முனையில் முஸ்லிம் நண்பரொருவரிடம் ஒருநாள் மனம்விட்டுச் சொன்னபோது, "நாங்க எப்பவும் குந்தித்தானே சலம் போற, அண்ணன், இதுல என்ன வெட்கம்?" என்றார். எந்த மாத்திரையும் தராத நிம்மதியை அந்தப் பேச்சு தந்தது.

கவட்டில் இருந்த நிணநீர்க் கட்டிகளையும் அகற்றியதால் வலது கால் மாலையில் வீங்கிவிடும். அந்தக் காலில் சிறு கீறல் பட்டாலும் கிருமி தொற்றிக் காய்ச்சலாகிவிடக்கூடும். வெறுங்காலோடு சேற்றில் இறங்கும் விவசாயிக்கு இதை வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லவேண்டாமா? வரம்பில் முள் குத்தி, ஒரு வாரம் விடுதியில் கிடந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையொப்பம் வாங்கியபோதும் சரி, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியபோதும் சரி, அவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பல மாதங்கள் நான் திண்ணையில் படுத்தேன். தன்னை வெறுத்துவிட்டேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். பகுதியளவில் அகற்றப்பட்டோரில் சிலருக்குத் தாம்பத்தியம் தொடர்ந்தும் இயலும் என்று பின்னர் அறிந்தேன். என்னைப் போன்றோருக்கு அது இல்லாவிட்டாலும், பக்கத்தில் படுக்கத் தடையில்லை என்பதையாவது யாரேனும் எங்கள் இருவரையும் இருத்திச் சொல்லியிருக்கலாம்.

கிழக்கின் புற்றுநோய்க் கிளினிக்குகளில் சத்திரசிகிச்சைக்கு முன்னரே கணவன் மனைவி இருவரோடும் கதவைச் சாத்தித் தமிழில் பேச ஓர் ஆண் தாதியையோ உளவளத்துணையாளரையோ ஒதுக்குமாறும், பஸ் தரிப்பிடங்களில் ஆண்களுக்கும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு மலசலகூடத்தையாவது திறந்து வைக்குமாறும் சுகாதாரத் திணைக்களத்தினரையும் பிரதேச சபையினரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
அம்பாறை மாவட்டம்.