ஐந்து வெள்ளிக்கு அளவில்லாத தமிழாசிரியரா?

கோலாலம்பூர் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நான்கு வருடமாகப் பொருளாளர். பகலில் ஒரு சின்ன அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். செயற்கை நுண்ணறிவுத் தமிழாசிரியரை விற்க வந்த இளைஞர் திரையில் காட்டியதைப் பார்த்து எல்லாரும் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். ஒரு மாணவருக்கு மாதம் 5 வெள்ளி (ரிங்கிட்), எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம், நடுராத்திரியிலும் சலிக்காமல் பதில் வரும் என்றார். கேள்வி நேரம் வந்தபோது மணி பத்து. மண்டபச் சாவி வைத்திருந்தவர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கிவிட்டார். அங்கே கேட்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கருவிகளுக்கு நான் எதிரி இல்லை. கல்வி அலுவலகத்துக்கு மலாயில் எழுத வேண்டிய கடிதங்களை ஒரு வருடமாக அதுதான் எனக்குத் திருத்தித் தருகிறது. அதற்கு முன்னால் என் மலாய் எப்படி இருந்தது என்பது அந்தக் கடிதங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். எனக்கு இடிப்பது "அளவில்லை" என்ற அந்த ஒரு சொல்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடைகளில் சோறும் காய்கறியும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். கடைக்காரருக்குக் கையைக் கடிக்காது. வயிறு என்று ஒன்று இருக்கிறது, இரண்டாம் முறைக்கு மேல் இலையைக் காட்டுபவர் குறைவு. இந்தக் கருவிகளுக்குப் பின்னால் இருந்து பதில் எழுதும் மொழி மாதிரிகளின் அடுப்படி அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு பருக்கைக்கும் விலை உண்டு. அந்தப் பருக்கைக்கு டோக்கன் என்று பெயர். நாம் தட்டும் வாக்கியத்தை இயந்திரம் சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது, அதுதான் டோக்கன். உள்ளே போகும் துண்டுக்கு ஒரு விலை, வெளியே வரும் துண்டுக்கு அதைவிடக் கூடுதல் விலை. கேள்வியை அது ஒரே மூச்சில் விழுங்கிவிடும். பதிலோ துண்டு துண்டாகத்தான் பிறக்கும், ஒவ்வொரு துண்டுக்கும் மாதிரிக்குள் இருக்கும் கோடிக்கணக்கான எண்களை நினைவகத்திலிருந்து மறுபடி எடுத்து வர வேண்டும்.

இதில் தமிழுக்குத் தனி வரி வேறு உண்டு. "அம்மா" என்ற சொல்லைக் கணினி அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்தாக வைத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் (கணினி நினைவின் சிறு அளவு), ஆக மொத்தம் 15. ஆங்கிலத்தில் அம்மாவை எழுத ஆறு பைட் போதும். வெட்டும் கத்தியும் ஆங்கிலத்தைப் பார்த்துத் தீட்டப்பட்டது என்பதால் நம் சொற்கள் பொடிப்பொடியாகின. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாதிரி வந்தபோது, அதைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனம் ஒரு பட்டியலை வெளியிட்டது. ஒரே செய்திக்குத் தமிழில் முன்பு 116 டோக்கன் ஆனது, புதிய முறையில் 35. ஆங்கிலத்தில் 27 இருந்தது 24 ஆனது. நல்ல முன்னேற்றம், மறுக்கவில்லை. அப்படியும் ஆங்கிலப் பிள்ளை ஒரு வெள்ளி செலவழிக்கும் இடத்தில் நம் பிள்ளைக்கு ஒன்றரை வெள்ளி ஆகிறது.

சரி, விலைதான் குறைந்துகொண்டே வருகிறதே என்பீர்கள். உண்மைதான். 2023 மார்ச்சில் அதே நிறுவனத்தின் முந்தைய மாதிரியான ஜிபிடி-4க்கு ஒரு மில்லியன் டோக்கன் உள்ளே போக 30 அமெரிக்க டாலர், வெளியே வர 60 டாலர். அடுத்த ஆண்டு ஜிபிடி-4ஓ 5 டாலருக்கும் 15 டாலருக்கும் வந்தது. ஆனால் உரையாடலில் ஒரு சங்கதி இருக்கிறது, அதை அந்த இளைஞர் சொல்லவில்லை. இந்த இயந்திரத்துக்குத் தானாக ஞாபகம் கிடையாது. பிள்ளை இருபதாவது கேள்வியைக் கேட்கும்போது முந்தைய பத்தொன்பது கேள்வியும் பத்தொன்பது பதிலும் சேர்ந்தே மறுபடி உள்ளே போகின்றன.

ஒரு கேள்விக்கு 60 டோக்கன், பதிலுக்கு 240 என்று வைத்துக்கொண்டு என் பழைய கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். இருபது கேள்விக்கு 6,000 டோக்கன்தான் என்று தோன்றும். முன்கதை ஒவ்வொரு முறையும் திரும்பப் போவதால் 63,000 ஆகிறது, பத்து மடங்குக்கும் மேல். ஜிபிடி-4ஓ வெளிவந்தபோதிருந்த விலையில், டாலருக்கு நான்கு வெள்ளி என்று போட்டால், அந்த ஒரு மாலைக்கு ஏறக்குறைய ஒன்றரை வெள்ளி. நான்கு மாலை உட்கார்ந்து படித்தால் அந்தப் பிள்ளையின் 5 வெள்ளி காலி. திரும்ப வரும் பகுதிக்குத் தள்ளுபடி தருகிறார்கள், அதைக் கழித்தாலும் ஆர்வமுள்ள பிள்ளை விற்பவருக்கு நட்டம்தான். 2025 ஜனவரியில் ஓபன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன், மாதம் 200 டாலர் சந்தாவிலும் தங்களுக்கு நட்டமே, எதிர்பார்த்ததைவிட மக்கள் அதிகமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். 200 டாலர் கட்டுபவர்களிடமே அந்தக் கதி.

அப்புறம் எப்படி 5 வெள்ளிக்குத் தருகிறார்கள்? இங்கேதான் என் பென்சில் நின்றது. அதே நிறுவனம் 2024 ஜூலையில் ஜிபிடி-4ஓ மினி என்று ஒரு சின்ன மாதிரியை விட்டது. விலை மில்லியனுக்கு 15 அமெரிக்க சென், 60 அமெரிக்க சென். என் கணக்கில் அதை வைத்துப் பார்த்தால் அதே மாலைக்கு நம் காசில் ஐந்து சென் ஆகிறது. ஒன்றரை வெள்ளி எங்கே, ஐந்து சென் எங்கே! பெரியதைக் கொடுத்தால் விற்பவர் மூழ்குவார், சின்னதைக் கொடுத்தால் கொழிப்பார். அன்று திரையில் நாம் பார்த்தது எது, பிள்ளைகளின் கையில் வரப்போவது எது? விலைப்புள்ளியில் எந்த இடத்திலும் மாதிரியின் பெயர் இல்லை. பொருளின் பெயரே எழுதாத விலைப்புள்ளிக்கு நான் இதுவரை காசோலை எழுதியதில்லை.

ஆங்கிலத்தில் சின்ன மாதிரியே பல வேலைக்குப் போதும். தமிழில் அப்படி இல்லை. அதே நிறுவனத்தின் பழைய மாதிரியான ஜிபிடி-3 படித்த சொற்களில் ஏறக்குறைய 93 விழுக்காடு ஆங்கிலம். மீதியை உலகத்து மொழிகள் எல்லாம் பங்கு போட்டுக்கொண்டன. கொஞ்சமாகப் படித்த மொழிதான், மாதிரியைச் சுருக்கும்போது முதலில் மெலிகிறது. அதிலும் மலேசியத் தமிழ் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு சின்ன மாதிரியை வீட்டில் என் மகளோடு உட்கார்ந்து சோதித்தேன், அவள் ஐந்தாம் ஆண்டு. கணக்கில் ஒரு பையன் 20 வெள்ளி வைத்திருந்தான் என்று இருந்தது. விளக்கத்தில் அந்த வெள்ளி உலோகமாகிவிட்டது. புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) செய்தி அனுப்புவது எப்படி என்று கேட்டோம், ஐம்புலன்களைப் பற்றிப் பாடம் நடத்தியது. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் இன்னும் நாள்தோறும் வருகிறதாம்.

இவற்றுக்கெல்லாம் சிரித்துவிட்டோம். சிரிக்க முடியாதது வலிமிகும் இடங்கள். "அந்தப் பையன்" என்று அவள் சரியாக எழுதியதில் ப் வேண்டாம் என்று திருத்தியது. ஏன் என்று கேட்டால் இல்லாத ஒரு விதியைச் சொன்னது, அதுவும் எவ்வளவு பணிவாக! மறுபடி கேட்டதும் மன்னிப்புக் கேட்டு ப் போட்டது. "எதுப்பா சரி?" என்று அவள் என்னைப் பார்த்தாள். இணையத்தில் நாம் எல்லாரும் ஒற்றைப் போட்டும் விட்டும் எழுதுகிறோம், அடுத்து எந்தத் துண்டு வரும் என்று ஊகிக்கும் இயந்திரத்துக்கு இரண்டுமே பழக்கமான தமிழ்தான். விதி தெரிந்த ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் ஒரு நொடியில் பிடித்துவிடுவார். நடுராத்திரியில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

தவறாகச் சொன்னால் யார் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்க வேண்டும். கனடாவில் ஏர் கனடா விமான நிறுவனத்தின் உரையாடி (சாட்பாட்) ஒரு பயணிக்குத் தவறான கட்டணச் சலுகையைச் சொல்லிவிட்டது. அந்தப் பொறுப்பு நிறுவனத்தினுடையதே என்று 2024இல் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. நம் ஒப்பந்தத்தின் வரைவில் பொறுப்பு முழுவதும் "பயன்படுத்துபவருடையது". பதினோரு வயதுப் பிள்ளையினுடையதா?

அன்று ஒரு நண்பர், இவர்களிடம் ஏன் கையேந்த வேண்டும், மலேசியத் தமிழுக்கு நாமே ஒரு மாதிரி செய்வோம் என்று உணர்ச்சியோடு பேசினார். அவருக்கு என் மரியாதை உண்டு. ஆனால் ஜிபிடி-4ஐப் பயிற்றுவிக்க 100 மில்லியன் டாலருக்கு மேல் ஆனது என்று ஆல்ட்மனே சொல்லியிருக்கிறார். மலிவு என்று உலகமே வியந்த சீன மாதிரி டீப்சீக் வி3க்கு அவர்கள் சொன்ன கணக்கு 5.6 மில்லியன் டாலர் அளவில் இருந்தது, அதுவும் கடைசிப் பயிற்சிக்கு மட்டும், அதற்கு முன் செய்து பார்த்துக் கழித்த சோதனைகள் சேர்க்காமல். பயிற்சியை விடுங்கள், யாரோ செய்து இலவசமாக விட்டதை இறக்கி ஓட்டுவதற்கே என்ன ஆகும்? 70 பில்லியன் எண்கள் கொண்ட மாதிரி என்றால் எண்ணுக்கு இரண்டு பைட், 140 ஜிகாபைட். இந்த மாதிரிகளை ஓட்டும் என்விடியாவின் எச்100 கணினி அட்டையில் 80 ஜிகாபைட்தான் கொள்ளும், ஆகக் குறைந்தது இரண்டு அட்டை வேண்டும். நசுக்கி நான்கில் ஒரு பங்காக்கினால் ஒன்றில் அடங்கும், தமிழ் இன்னும் கொஞ்சம் மெலியும். பள்ளி விடுமுறையிலும் அட்டைக்கு வாடகை ஓடும். பெரிய நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாவது ஒரே நேரத்தில் ஊரிலுள்ள அத்தனை பேரின் கேள்வியையும் சேர்த்து அவிப்பதால்தான். நம் இட்லிச் சட்டியில் மத்தியானம் இரண்டு மணிக்கு இரண்டு இட்லிதான் இருக்கும்.

ஆக, என் யோசனையைச் சொல்கிறேன். பிள்ளைத்தலைக்கு இவ்வளவு என்ற பேச்சே வேண்டாம். 400 மாணவர் என்றால் ஆண்டுக்கு 24,000 வெள்ளி, இது குடும்ப தினத்தில் நாசி லெமாக் விற்றுச் சேர்க்கும் காசு. ஆசிரியர்களுக்கு மட்டும், பெரிய மாதிரியில், பயன்படுத்திய அளவுக்குக் காசு என்று மூன்று மாதம் வாங்கிப் பார்ப்போம். ஓர் ஆசிரியர் ஒரு பயிற்சித்தாளை அதனிடம் எழுதி வாங்கித் திருத்திவிட்டால் அதை 400 பிள்ளைகளும் செய்யலாம், பக்கத்துப் பள்ளிக்கும் கொடுக்கலாம். டோக்கன் செலவு ஒருமுறைதான். தவறும் பிள்ளையிடம் போகுமுன் பிடிபடும். ஆசிரியரின் அந்தத் திருத்தும் நேரத்துக்கு நாம் காசு கொடுக்க வேண்டும், அதைச் சும்மா வாங்கிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிறது.

மிச்சமாகும் காசில் பள்ளி ஆண்டு மலர்களையும், உரியவர்கள் அனுமதி தரும் பழைய நூல்களையும் வருடி (ஸ்கேன் செய்து), எழுத்துப்பிழை பார்த்து, யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கலாம். 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து இந்த நாட்டில் தமிழ் படிக்கிறோம், அதில் பெரும்பகுதி இன்னும் காகிதத்தில் கரையானுக்குக் காத்திருக்கிறது. இந்த வேலை நமக்குப் புதிதும் அல்ல. முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைச் செய்தது இந்த ஊரில் இருந்துதான். தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரில்தான் கூடியது. சிங்கப்பூர்க்காரர்கள் சீ-லயன் என்று ஒரு மாதிரி செய்து தமிழையும் சேர்த்துப் பொதுவில் விட்டிருக்கிறார்கள். அவர்களோ வேறு யாரோ அடுத்த முறை படிக்க உட்காரும்போது நம் வெள்ளி உலோகம் இல்லை என்று தெரிய வேண்டுமானால், அதை நாம்தான் எழுதி வெளியே வைத்திருக்க வேண்டும்.

அடுத்த கூட்டம் செந்தூலில் என்று புலனக் குழுவில் பார்த்தேன். அந்த இளைஞரையும் கட்டாயம் கூப்பிடுங்கள், நல்ல பையன், தமிழும் நன்றாகப் பேசுகிறார். ஆனால் இந்த முறை அவருடைய மடிக்கணினி வேண்டாம். பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகும் அதே கணக்கில் நுழைந்து, பள்ளிக் கணினியில் காட்டச் சொல்லுங்கள். என் மகளின் வலிமிகும் இடங்கள் பயிற்சித்தாளை நான் கொண்டு வருகிறேன். மண்டபச் சாவியை அன்று நானே வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழ்ப்பள்ளியின் பொருளாளர்,
கோலாலம்பூர்